வால் முளைத்த நட்சத்திரம்

நவம்பர் 22, சனி

காலையில் இட்லி. மத்தியானம் அதே இட்லி. மாலையில் உப்புமா என்ற பெயரில் அதே இட்லி. எங்கள் குடும்பம் மறுபிறவியை நம்புவதில்லை. இட்லிக்கு மட்டும் விதிவிலக்கு.

ஐந்தரைக்கு அன்பியக் கூட்டம், இந்த வாரம் எங்கள் வீட்டில். தெருவின் பன்னிரண்டு கத்தோலிக்க வீடுகளும் வந்தன. ஜெபம் பத்து நிமிடம், சுண்டல் இருபது நிமிடம். தலைவர் மனோகரன் அங்கிள் கிறிஸ்துமஸ் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். குடில், பாட்டு, சீரியல் செட், எல்லாவற்றுக்கும் ஆள். நாற்காலி அடுக்கக்கூட இரண்டு பேர். ஜாஸ்லின் என்று நான் ஒருத்தி என் அம்மா ஜெயசீலிக்குப் பிறந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் டெம்ப்ளேட் ஒன்றை அச்செடுத்து, காகிதத்தில் ஒரு பிளம் கேக் துண்டு செய்து, நிஜத் துண்டுகளுக்கு நடுவில் வைத்தேன். அங்கிள் பெரியதாகப் பார்த்து எடுத்தார். கடித்தார். இரண்டு முறை மென்றார். அதற்கப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. மென்ற பிறகு! என் வேலைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. ஊரே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியாக, கோயில் முகப்பு நட்சத்திரத்தை எலி கடித்துவிட்டது, பிளாஸ்டிக்கில் புதிதாக வாங்கலாம் என்றார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. நான் செய்கிறேன், காகிதத்தில், என்றேன். சுண்டல் மெல்லும் சத்தம் நின்றது.

"உன்னை நம்பி எப்படிம்மா கோயில் வாசலை விடுறது?" என்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் சுருக்கென்றது.

பிறகு அவரே ஒரு கெடு வைத்தார். டிசம்பர் 16, செவ்வாய், அந்தோணியார் நவநாளுக்கு முன்னால் நட்சத்திரம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பிளாஸ்டிக். அதோடு இந்த அன்பியத்தில் எந்த வேலைக்கும் நான் கை தூக்கக் கூடாது. எந்த வருடமும்.

எல்லோரும் போனபின் அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "இதுலயும் விளையாட்டு காட்டினே, அடுத்த வாரம் நான் ஜெபத்துக்கு எந்த மூஞ்சியை எடுத்துக்கிட்டுப் போறது?"

இந்த மூஞ்சியேதான் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

இணையத்தில் டெம்ப்ளேட் கிடைத்துவிட்டது. ஐந்து கை நட்சத்திரம். ஒரு கைக்கு ஒரு பெரிய தாள், ஆக ஐந்து தாள். தொடர்கோடு என்றால் வெட்டு. கோடு விட்டுக் கோடு என்றால் வெளியே மடி. புள்ளி என்றால் உள்ளே மடி. ஒவ்வொரு கையிலும் முப்பத்தாறு ஓட்டை, பூவும் இலையுமாக. பின்னால் டிஷ்யூத் தாள் ஒட்டி உள்ளே பல்பு போட்டால் அத்தனையும் எரியும்.

அப்பா எட்டிப் பார்த்து, "பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணுக்கு வெட்டி வேலை" என்றார். வெட்டி, மடித்து, ஒட்டி. வெட்டி வேலை மூன்றில் ஒரு பங்குதான், அப்பா.

நவம்பர் 29, சனி

லட்சுமணன் அண்ணன் ஜெராக்ஸ் கடை. நெமிலிச்சேரியிலேயே பெரிய தாள் போடும் கலர் மிஷின் அவரிடம் மட்டும்தான். மாலை போட்டிருக்கிறார், கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். ஆனால் வாய்க்கு விரதம் கிடையாது.

"இன்னா பாப்பா, இந்தத் தபா யாருக்கு கேக்கு?"

கெட்டி அட்டையில் நான்கு தாள் அழகாக வந்தன. ஐந்தாவதில் மஞ்சள் தீர்ந்து கோடு கோடாகப் போனது. மை வந்தவுடன் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஃபைல் அவரிடமே இருக்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

மழை. லீவு. கலெக்டர் நூறாண்டு வாழ்க.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. கலெக்டர் இருநூறாண்டு வாழ்க.

மேல் மாடி பவ்யா ஸ்டீல் ஸ்கேலுடன் வந்தாள். அவள் அப்பா அம்மா இருவரும் ஐடி. ஈரோட்டிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவள் குறும்பே இல்லாமல் பிறந்தவள். ஒரு கோடு போட மூன்று முறை அளக்கிறாள். நான் அளக்காமல் மூன்று கோடு போடுகிறேன்.

இன்று கற்றது: மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு. அப்புறம் அட்டை நாம் சொன்ன இடத்தில்தான் மடியும். எழுத உதவாத பேனாவுக்குக்கூட வேலை இருக்கிறது. அங்கிளிடம் இதைச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 3, புதன்

நான்கு கை முடிந்தது. நான்கு முப்பத்தாறு நூற்று நாற்பத்து நான்கு ஓட்டை. என் விரலில் இரண்டு, கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு கையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பூவெல்லாம் என் சட்டையில் விழுந்தது. அரை மணி நேரம் அப்படியே நின்றேன். என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

டிசம்பர் 5, வெள்ளி

ஐந்தாவது தாள் கிடைத்தது. நாளை அண்ணன் மலைக்குக் கிளம்புகிறார். வழியிலுள்ள கோயில்களையெல்லாம் பார்த்துவிட்டு 17-ம் தேதிதான் வருவாராம். ஷட்டரில் ஒட்ட அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு. ஒட்டவே மாட்டேங்குது.

நாலு கையும் கச்சிதமா சேர்ந்துச்சு. அஞ்சாவது வெச்சா இந்தப் பக்கம் ஒட்டினா அந்தப் பக்கம் இளிக்குது. இழுத்துப் பிடிச்சு ஒட்டினேன், துணி கிளிப் போட்டேன், மொத்த நட்சத்திரமும் முறுக்கிக்கிச்சு. நான் எங்க தப்பா வெட்டினேன்? அப்படியா வெட்டினேன்?

பவ்யா ஊருக்குப் போயிருக்கா. அம்மா வந்து பார்த்தா, ஒண்ணும் சொல்லாம போயிட்டா. திட்டியிருக்கலாம்.

ஒரு ஜோக்கும் வரல.

டிசம்பர் 8, திங்கள்

வந்தாள் பவ்யா. வெட்டி எறிந்த அட்டைத் துண்டுகளைக் குப்பைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினாள். எனக்கு எரிச்சல். குப்பையில் என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"ஓரத்தைப் பாரு புள்ள. நாலு தாள்ல வெள்ளை ஒரு விரக்கடை. இதுல மட்டும் ரெண்டு விரக்கடை. உன்ற கை தப்பு பண்ணல. மிசினு சுருக்கிப்போட்டுச்சு."

அளந்தோம். பக்கத்துக் கையோடு சேர வேண்டிய விளிம்பு நான்கில் 15.2 சென்டிமீட்டர். ஐந்தாவதில் 14.3.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் சத்தம், பஜனை. "கலரு ஓரத்துல வெட்டுப்படுற மாறி கீதேன்னு நாந்தான் பாப்பா லைட்டா சுருக்கினேன். நல்லதுதான செஞ்சேன்?" என்றார். மலைக்குப் போகிறவரிடம் என்ன சொல்வது? ஆமாம் அண்ணா, நல்லா சாமி கும்பிட்டு வாங்க என்றேன்.

இப்போது நிலவரம்: கடை மூடியாயிற்று. ஆவடிக்குப் போய் அச்செடுக்கலாம் என்றால் புதன்கிழமை அரையாண்டுத் தேர்வு தொடக்கம். ஸ்டேஷன் பக்கமே போகக் கூடாது என்று அம்மா சட்டம். ஆனாலும் நேற்றைவிட மனம் லேசாக இருக்கிறது. தப்பு என் கையில் இல்லை.

"போச்சாது உடு, வரஞ்சுக்கலாம்" என்கிறாள் பவ்யா. டெம்ப்ளேட் இல்லாமல், கையால்.

டிசம்பர் 11, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் இதை நானே கண்டுபிடித்தேன்.

நல்ல கை ஒன்றைப் பிரித்துத் தரையில் போட்டு, எந்தக் கோடு எதற்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கையோடு சேர்வது நடுவிலிருந்து கிளம்பும் இரண்டு விளிம்புகள் மட்டும். அவை 15.2 இருந்தால் போதும். அதைத் தாண்டி நுனி எவ்வளவு தூரம் போகிறது என்பது மற்ற நான்கு கைகளுக்கும் தேவையில்லாத விஷயம். ஒரு சாண் போகலாம். இரண்டு முழம் போகலாம்.

அப்புறம் ஏன் மற்ற கைகள் மாதிரியே வரைய வேண்டும்?

மஞ்சள் சார்ட் அட்டை ஒன்று முழுசாக இருக்கிறது. அதன் நீளம் முழுவதும் ஒரே கை. வால்.

பெத்லகேமுக்கு வந்த நட்சத்திரத்துக்கு எல்லாப் படத்திலும் வால் உண்டு. பிறந்ததிலிருந்து ஊர் என்னை வாலு, வாலு என்கிறது. ஞானிகள் மூன்று பேருக்கு வழி காட்டியதே ஒரு வாலுதான் என்று யாருக்காவது தோன்றியதா?

டிசம்பர் 13, சனி

வால் வெட்டி முடிந்தது. இதன் பூக்கள் டெம்ப்ளேட்டில் இல்லாதவை. மேலே பெரியதாகத் தொடங்கி நுனிக்கு வர வர மிளகு அளவுக்குச் சிறுக்கின்றன. எழுபத்தொன்று. எல்லாம் நான் வரைந்தவை. பவ்யா அளக்க வந்தாள். ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்தாள். பவ்யா ஸ்கேலைக் கீழே வைத்து இன்றுதான் பார்க்கிறேன்.

அம்மாதான் சொன்னாள்: "நல்லாத்தாண்டி இருக்கு. ஆனா அவர் கேட்டது நட்சத்திரம். வாலைப் பார்த்தார்னா மறுபடியும் கேலி பண்றேன்னுதான் நினைப்பார்."

அதை நான் யோசிக்கவே இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

இயற்பியல் தேர்வு. விடைத்தாளிலும் ஓரத்தை அளந்துகொண்டிருந்தேன்.

வாலை வெட்டிவிடலாமா? நுனியை மடித்து உள்ளே செருகினால் மற்ற கைகள் மாதிரி ஆகிவிடும். அவர் கேட்டது கிடைக்கும். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கத்தரியைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன்.

இது விளையாட்டு இல்லை. நான் செய்வதில் விளையாட்டு இல்லாதது இதுதான் முதல் முறை. அதை எப்படி நிரூபிப்பது?

டிசம்பர் 16, செவ்வாய்

வால் வாலாகவே போனது. நானும் பவ்யாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தோம். நாய் ஒன்று எழுந்து வழி விட்டது.

நாலேமுக்காலுக்குச் சிற்றாலயம். அங்கிள் முகப்பில் நின்றிருந்தார். அவர் காலடியில் ஒரு புதுப் பெட்டி, பிளாஸ்டிக் நட்சத்திரம். முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார்.

எங்கள் நட்சத்திரத்தைப் பார்த்தார். வாலில் கண் நின்றது. முகம் போன வருடம் கேக்கை மென்ற முகமாக மாறத் தொடங்கியது.

அதற்குள் பேசிவிட்டேன். ஜோக் ஒன்றுமில்லாமல், மூச்சு விடாமல். நான்கு தாள், ஐந்தாவது சுருங்கியது, கடை மூடியது, 15.2, 14.3. பையிலிருந்து அந்தச் சின்னக் கையையும் எடுத்துக் கொடுத்தேன். கேலிக்கு வால் வைக்கவில்லை அங்கிள், அவசியத்துக்கு வைத்தேன், அப்புறம் ஆசைக்கு நீட்டினேன் என்றேன்.

அவர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். சின்னக் கையை வாங்கி, நட்சத்திரத்தின் ஒரு நல்ல கைமேல் விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தார். குறைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஒவ்வொரு சேர்ப்பையும் நகத்தால் நெம்பிப் பார்த்தார். ஒன்றும் பிரியவில்லை.

"சுருங்கினதை யாரு கண்டுபிடிச்சது?"

பவ்யா என்றேன்.

"வாலு?"

"நான்."

பிறகு பிளாஸ்டிக் பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "யாருப்பா அங்க, ஏணியைக் கொண்டாங்க."

கட்டும்போது அவரேதான் திசை சொன்னார். வால் குடில் பக்கம் இறங்க வேண்டுமாம், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம். பத்து நிமிடம் திருத்தினார். நவநாள் தொடங்கும்போது பல்பு போட்டார்கள். முகப்புச் சுவர் முழுக்கப் பூ. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்கள். ஒருவர் முதுகிலும் என் பூ, இன்னொருவர் வழுக்கையிலும் என் பூ.

அங்கிள் பாராட்டவில்லை. பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "போய் உட்காரு, நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஒரு பாட்டு வரிகூடக் கண்ணில் படவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

பட்டாபிராமிலிருந்து பூசைக்கு வந்த ஒருவர், நட்சத்திரம் எந்தக் கடை, என்ன விலை என்று அங்கிளிடம் விசாரித்தாராம். அம்மா பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். "வாங்கலைங்க. எங்க அன்பியத்துப் பொண்ணு செஞ்சது" என்று சொன்னாராம். அம்மா இதை அப்பாவிடம் ஒரு முறை, பவ்யா அம்மாவிடம் ஒரு முறை, போனில் பெரியம்மாவிடம் இரண்டு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் அறைக்கு வெளியே நின்று கேட்டேன். ஒரு வார்த்தை மாறவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கேக் நன்றாக இருந்தது. எல்லாத் துண்டும் நிஜம். அங்கிள் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார்.

ஜனவரி 4, ஞாயிறு

மூன்று ராஜாக்கள் திருநாள். பூசை முடிந்ததும் அலங்காரம் கழற்றும் வேலை. நான் டியூஷன் முடித்துப் போய்ச் சேர்வதற்குள் காகிதத் தோரணமெல்லாம் குப்பை மூட்டையில் ஏறியிருந்தது. ஓடினேன். முகப்பில் நட்சத்திரம் இல்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

பொருள் வைக்கும் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அங்கிள் இல்லை. மேல் தட்டைக் காலி செய்து ஒரு மின்விசிறிப் பெட்டியை வைத்திருந்தார். நட்சத்திரம் முழுசாக அதற்குள். வால் மட்டும் பெட்டிக்குள் அடங்காது. அதனால் வேறொரு அட்டைப் பெட்டியைப் பிரித்து, மடித்து, இதனோடு ஒட்டி, வாலின் நீளத்துக்குத் தனியாக ஓர் அறை செய்திருந்தார். மடிப்பு கோணல். டேப்பெல்லாம் சுருக்கம். ஒரு மூலையில் மூன்று முறை பிரித்து மூன்று முறை ஒட்டிய தடம்.

மூடியின்மேல் கறுப்பு மார்க்கரில், அங்கிளின் கையெழுத்தில், முத்து முத்தாக:

வால் நட்சத்திரம். ஜாஸ்லினைக் கேட்காமல் யாரும் தொடக் கூடாது.

மார்க்கர் பக்கத்திலேயே மூடியில்லாமல் கிடந்தது. அறையில் வேறு ஆள் கிடையாது. மூன்றே எழுத்தை மாற்றினால் என்னவெல்லாம் ஆக்கலாம் என்று மனம் தானாக ஓடியது.

மார்க்கருக்கு மூடியைப் போட்டு வைத்துவிட்டு வந்தேன்.