தையல் மெஷின் கடன்

28.7.1953, செவ்வாய் இரவு

இன்றும் நான் வேலை பார்க்கும் தோட்டத்து ஆபீசுக்கு அந்தக் கடன் வசூல்காரன் டெலிபோன் செய்தான். பெரிய கிளாக்கர்தான் எடுத்து என்னிடம் நீட்டினார். செத்துப்போன அப்பா தையல் மெஷின் வாங்கிய கடனாம். எங்கள் வீட்டில் மெஷினே இருந்ததில்லை.

"அப்பா வாங்கலீங்க" என்றேன் மெதுவாக.

"வாங்காமயா போன மாசம் பத்து ரூபா கட்டுன, நாயே?" அம்மாவையும் இழுத்துத் திட்டினான்.

கட்டியது என் புத்திகெட்ட வேலை. எங்கள் இலங்கைப் பிரஜாவுரிமை மனு விசாரணையில் இருக்கிறது. அங்கே பெட்டிசன் போடுவேன் என்று மிரட்டியதும் பயந்து அனுப்பினேன். அதோடு தொலைவான் என்று நினைத்தேன்.

"சரிங்க, சம்பளத்தன்னிக்கு அனுப்புறேங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"அடிக்கடி பேசுறாரே, சொந்தக்காரரா தம்பி?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர்.

"மாமாங்க ஐயா."

"அப்ப ஒரு நாளைக்கு இங்க வரச் சொல்லேன்" என்றார்.

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.