கைநாட்டு வைத்த படிவம்

முத்தியால்பேட்டை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, மன்னித்துக்கொள், உடம்புக்கு ஒன்றும் இல்லை, எழுதப் பழகியே ஏழு மாதம்தானே ஆகிறது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அபியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, வாய்க்கு ஒரு வலியும் இல்லை. நேற்றிலிருந்து இந்தத் தாளோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இந்நேரத்துக்கு பட்டறையில் ரெண்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றி காயில் கட்டியிருக்கலாம் என்கிறாள். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் ஆரம்பித்தால் பரவாயில்லப்பா என்று பாதியில் நிறுத்திவிடுவாய்.

நம் கடைத்தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்னென்ன தொழில் இருக்கிறது என்று சொல்லித்தரப் போகிறோம் என்று போன வருஷம் சொன்னேன் அல்லவா. சம்பளம் கிடையாது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு நம் ஊர்ப் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கக் கூடாது என்பதுதான் ஆசை. ஒருநாள் வகுப்பில் பேச வேண்டும், பிறகு ஐந்து நாள் இரண்டு பிள்ளைகளைக் கடையில் வைத்து வேலையைக் காட்ட வேண்டும். இந்த வருஷம் பேசப் போய் எனக்கு எரிச்சல்தான் மிச்சம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் திரையில் படம் காட்டி முக்கால் மணி நேரம் பேசினார், எனக்குச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஏழு நிமிஷம். எரிந்துபோன மிக்சி மோட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன், பையன்கள் சிரித்தார்கள். ஒரே ஒரு பெண் எழுந்தாள். கார்குழலி என்று பெயர், அவள் அம்மா வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறாள். மோட்டார் எரியறதுக்கு முன்னாடி ஒரு வாசனை வருதே தாத்தா, அப்பவே நிறுத்தினா காப்பாத்திடலாமா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கைக்காரர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. மணி அடித்த பிறகும் நின்று, உங்க கடைக்கு நான் வரட்டுமா என்றாள். வா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் யார் எந்தக் கடைக்கு என்ற பட்டியல் வந்தது, யாரையும் கூப்பிடாமல் நானே படித்தேன். என் கடைக்கு இரண்டு பையன்கள், கார்குழலிக்கு பியூட்டி பார்லர். வந்த கோபத்தில் சைக்கிளைக்கூட எடுக்காமல் பள்ளிக்கு நடந்தே போனேன். முதல் நாள் ஹெட்மாஸ்டர் மீட்டிங்கில் இருந்தார். மறுநாள், எழுதிக் கொண்டுவாங்க என்றார்கள். எழுதிக் கொண்டுபோன அன்றைக்கு, இதைப் பார்க்கிற தீபலட்சுமி டீச்சர் லீவு. நான்காம் நாள்தான் பிடித்தேன். பொம்பளப் புள்ளைன்னா பவுடர் பூசத்தான் கத்துக்கணுமா, யார் போட்ட சட்டம் இது என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன், அறையே திரும்பிப் பார்த்தது. டீச்சர் பீரோவைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். போன வருஷம் இந்த ஏற்பாட்டில் சேரும்போது நான் கொடுத்தது, இந்த வருஷத்துக்கும் அதுதானாம். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். யாரை அனுப்பலாம் என்ற இடத்தில் ஆண் பிள்ளைகள் மட்டும் என்று இருந்தது. கீழே என் கைநாட்டு. நீங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேங்கய்யா, கிரீசும் வார்னிஷும் பொண்ணுங்களுக்கு எதுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க என்றார். சொல்லியிருப்பேன். சொன்ன ஞாபகமே இல்லை செல்வி, அதுதான் ஆறவில்லை. ஞாபகத்தில் நிற்காத அளவுக்குச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றால், பட்டியல் மேலே கல்வி அதிகாரிக்குப் போய்விட்டதாம், அடுத்த வருஷம் மாற்றலாமாம். பன்னிரண்டாவது படிக்கிற பெண்ணுக்கு அடுத்த வருஷம் ஏது. புதுப் படிவம் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து என் கையால் நிரப்பினேன். ஒரு மணி நேரம் ஆனது, டீச்சரே டீ வரவழைத்துக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டேன். அதிகாரி ஒப்புக்கொண்டால் திங்கட்கிழமை கார்குழலி வருவாள். இதுவரை பதில் இல்லை. தினமும் போய்க் கேட்கிறேன், வாட்ச்மேனே என்னைப் பார்த்தால் இன்னும் வரல என்று தலையாட்டுகிறார்.

நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறை வாசலில் வந்து நிற்பாய். ஒருநாள் ஃபேன் காயிலைப் பிரித்துச் சுற்று எண்ணிக்கொண்டிருந்தாய், எண்ணிக்கை சரியாகவும் இருந்தது. இங்க என்ன உனக்கு, அம்மாகிட்ட போ என்று விரட்டினேன். அப்புறம் தையல் வகுப்பில் சேர்த்தேன், உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவில்லை. இன்றைக்கு நாற்பது தையல் மெஷினுக்கு நீ சூப்பர்வைசர், எனக்குப் பெருமைதான். ஆனால் போன மாதம் நீ போனில், மோட்டார் நின்னுட்டா மெக்கானிக் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறோம்பா என்றாய். அப்போது எனக்கு உறைக்கவில்லை. புதுப் படிவத்தில் அந்த இடத்தில், யார் வந்தாலும் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன். அதை உனக்கும் சேர்த்துத்தான் எழுதினேன், தாமதமாக.

மாப்பிள்ளையை பிரஷர் மாத்திரையை விடாமல் போடச் சொல். அபியிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டால், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. நோய்நொடி இல்லாமல் மூவரும் நூறு வயது இருங்கள். பட்டறையில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அதில் கார்குழலி உட்கார்ந்தாளா இல்லையா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். உட்காராவிட்டாலும் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தராசு