அம்மாவின் வரிசையில் வந்த கிடா

அப்பா,

இன்று காலை முதலில் என் காதில் விழுந்தது அம்மாவின் குறட்டை. செபஸ்தியார் கோயிலில் முதல் மணி அடித்து ஓய்ந்த பிறகும் அது நிற்கவில்லை. நீங்கள் இருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேலி செய்வீர்கள். "ஒங்கம்மா லாரிய எடுத்துக்கிட்டுப் பழனிக்கே போயிட்டா ஆத்தா" என்பீர்கள். நீங்கள் போன பிறகு நான் எப்போது கண் விழித்தாலும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், கண் திறந்தபடி. இன்று ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வாய் திறந்து தூங்குகிறாள். எழுப்ப மனம் வரவில்லை. கறிக்கடை திறக்கக் கொஞ்சம் நேரமானால் ஆகட்டும். அவள் எழுவதற்குள் நேற்றுத் திருவிழாவில் நடந்ததை உங்களுக்கு எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும்.

உங்களைக் குத்திய நாளிலிருந்து சொன்னால்தான் நேற்று நடந்தது புரியும். அன்று மதியச் சோற்றுத் தூக்குவாளியோடு நான் கடை ஓரம் நின்றிருந்தேன். அந்த ஆட்டுத் தரகன் அய்யலூர்ச் சந்தையிலிருந்து ஆட்டைக் கொண்டுவந்து இறக்கினான். அதன் கழுத்து துணியைப் போலத் தொங்கியது. நீங்கள் குனிந்து அதன் கண்ணிமையைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"ஏப்பா, இது வர்ற வழியிலயே செத்துப்போச்சு. செத்தத அறுத்து விக்க மாட்டேன்."

"மயக்கந்தாண்ணே. கொஞ்ச நேரம் போனா எந்திரிச்சிரும். அதுக்குள்ள அறுத்துப்போட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல" என்றீர்கள். பிறகு கறி வாங்க நின்றவர்கள் பக்கம் திரும்பி, "இவன் கொண்டார ஆட்ட இனி யாரும் வாங்காதீங்கப்பா" என்றீர்கள்.

உங்களை அண்ணே என்றும் அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டு நம் வீட்டில் கை நனைத்தவன் அவன். கறி வெட்டும் கட்டை மேல் கிடந்த உங்கள் கத்தியையே எடுத்தான். விலாவுக்குக் கீழே ஒருமுறை. நீங்கள் அவன் கையைப் பிடித்ததும் உதறிவிட்டு மறுபடியும். நீங்கள் கத்தவில்லை. கட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, ஏதோ வேட்டி அவிழ்ந்துவிட்டது போல வயிற்றோடு சேர்த்து இழுத்து இழுத்துச் சொருகினீர்கள். அன்று காலை அறுத்த ஆட்டின் ரத்தத்தோடு உங்கள் ரத்தமும் கலந்து சாக்கடைக்குப் போனது. எது யாருடையது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் வாய் திறந்தே இருந்தது. சத்தம் வரவில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் கேட்டபோதும் வரவில்லை. "ஊமையா இந்தப் பிள்ளை?" என்று அவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்ல வந்த உபதேசியார், "எல்லாம் கடவுள் சித்தம்மா" என்று தொடங்கியதும் அம்மா கையில் இருந்த செம்பை அவர் மேல் எறிந்தாள். அவர் நெற்றி பிளந்துவிட்டது. கடையில் நீங்கள் மாட்டியிருந்த செபஸ்தியார் படத்தைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

"அவரே ஒடம்பெல்லாம் அம்பு வாங்கிக்கிட்டு நிக்கிறாரு. அவரா ஒங்கப்பனக் காப்பாத்துவாரு?" என்றாள். கண்ணாடிச் சில்லு பாதத்தில் ஏறியது. அதோடேயே வீடு வரை நடந்து வந்தாள். ஒருநாள் நான் செபமாலை சொல்வதைப் பார்த்துவிட்டு என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். மாலை அறுந்து மணியெல்லாம் அடுப்படி வரை ஓடியது. நான் அவற்றைப் பொறுக்கி எடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கும் திரும்பிப் போகவில்லை. எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்பதை நினைத்தாலே கால் நகரவில்லை.

உங்கள் கத்தி போலீஸிடம் இருக்கிறது. அம்மா புதிதாக ஒன்று வாங்கினாள். கடையை வேறு ஆளுக்கு விடச் சொன்னவர்களைத் திட்டி விரட்டிவிட்டு, தானே ஆட்டைப் பிடித்து உட்கார்ந்தாள். முதல் ஆடு பாதிக் கழுத்தோடு எழுந்து தெருவில் ஓடியது. எதிர்க் கடையில் இருந்த சிறுமலை வாழைப்பழத் தாரெல்லாம் ரத்தம். அம்மா ஓடிப்போய் அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "பொம்பள வெட்டுன கறி வேகாதுப்பா" என்றார் ஒருவர்.

"வேகலேன்னா கொண்டாங்க அண்ணாச்சி. ஒங்க நாக்கையும் சேத்துப் போட்டு வேகவச்சுத் தாரேன்" என்றாள் அம்மா.

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கறி வாங்க வந்தார். எலும்பு கூடுதலாக இருக்கிறது என்று சண்டையும் போட்டார்.

அம்மாவின் கை மெல்லத் தேறியது. ஆனாலும் ஆடுகள் அவளிடம் முரண்டு பிடித்தன. ஒருநாள் அவள் உங்களைப் போலவே ஆட்டின் நெற்றியில் தண்ணீர் தொட்டு வைத்து, கத்தியைக் கழுத்தில் படுக்கையாக வைத்து, நீங்கள் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னாள்.

"ஆண்டவரே, உசுரு உம்முது. பசி எங்களுது. எங்கள மன்னியும்."

ஆடு அடங்கியது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்குற? சாமிக்காகச் சொல்லல. ஒங்கப்பன் இதச் சொன்னா ஆடு அடங்கும். நான் சொன்னாலும் அடங்குது. அம்புட்டுத்தான்."

அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டுக்கும் சொன்னாள். ஆணி அடிப்பதைப் போல, வேகமாக, எங்கோ பார்த்துக்கொண்டு.

இந்த வருடத் திருவிழாவுக்குக் கிடா வெட்ட ஆள் போதவில்லை என்று கோயிலில் இருந்து கேட்டு வந்தார்கள். நீங்கள் கூலி வாங்காமல் வருடா வருடம் செய்த வேலை. அம்மா அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். மறுநாள் மாமா வந்தார். அடுப்படியில் இருவரும் பேசியதைக் கேட்டுக்கொண்டு நான் வெங்காயம் உரித்தேன்.

"அக்கா, அந்தத் தரகன் ஜாமீன்ல வந்திருக்கான். செபஸ்தியாருக்குக் கிடா நேந்திருக்கானாம். ஜாமீன் கெடச்சதுக்கு நேர்ச்சையாம்."

அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பிறகு கேட்டாள். "நேந்தவந்தான காலப் பிடிக்கணும்?"

"ஆமா."

"குனிஞ்சுதான பிடிக்கணும்?"

"ஆமாக்கா. நீ ஒண்ணும் செய்ய வேணாம். கண்ணக் காட்டு, நான் பாத்துக்கிறேன்."

"நீ எதுக்குடா? எம் புருசன். நான் பாத்துக்கிறேன்."

அன்று சாயங்காலமே அம்மா கோயிலுக்குச் சொல்லி அனுப்பினாள், வெட்ட வருகிறேன் என்று.

நேர்ந்தவர்தான் ஆட்டின் காலைப் பிடிக்க வேண்டும் என்பது நம் கோயில் வழக்கம். காசு கொடுத்து வேறு ஆளை வைத்துப் பிடிக்க வந்தவர்களை நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள். "குடுக்குறது என்னன்னு ஓங் கைக்குத் தெரியணும்ல" என்பீர்கள். அந்த வழக்கத்தை அம்மா இப்படி யோசிப்பாள் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். எனக்குப் பங்குச் சாமியார் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒருநாள் அவர் முன்னால் போய் நின்றும் விட்டேன். "என்னம்மா?" என்றார். "தண்ணிக் கொடம் எங்க வைக்கணும் சாமி?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நேற்று விடியும்போதே கோயில் மைதானம் முழுக்கக் கிடாக்கள். மாலை போட்டது, கொம்பில் ரிப்பன் கட்டியது, பயத்தில் புழுக்கை போட்டுக்கொண்டே வருவது. வேடசந்தூர் பக்கம், எரியோடு பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டி வந்திருந்தார்கள். ஒரு பக்கம் அண்டாக்களின் புகை. ஒரு பக்கம் பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். வெட்டுபவர்களுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு வரிசை. ரத்தம் போக வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். காற்றில் புழுதியும் ரத்த வாடையும் ஒன்றாக வந்தன.

நான் அம்மாவின் அருகில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். மாமா பின்னால், சட்டைக்குள் கை வைத்தபடி. அவன் எந்த வரிசையில் நிற்கிறான் என்று பார்த்து, கூட்டத்தை ஒதுக்குவது போல அவனை அம்மாவின் வரிசைக்குத் தள்ளிவிட்டதும் மாமாதான்.

அம்மா வருகிறவர்களிடமெல்லாம் உங்களைப் போலவே கேட்டாள். "எதுக்கு நேர்ச்சை?" பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்றார்கள். போர்வெல்லில் தண்ணீர் வந்தது என்றார்கள். மில்லில் வேலை கிடைத்தது என்று ஒரு பையன் வெட்கப்பட்டான். அம்மா வெட்டினாள். முழங்கை வரை சிவந்து, புடவை காலோடு ஒட்டிவிட்டது.

அவன் முறை வந்தது. தலையில் துண்டைப் போட்டு மூடியிருந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கறுப்புக் கிடா. அதைக் கிடத்தி, முட்டி போட்டு, பின்னங்கால்களைப் பிடித்துக் குனிந்தான். துண்டு நழுவியது. ஒட்ட வெட்டிய முடிக்குக் கீழே அவன் பிடரி வியர்த்திருந்தது.

"எதுக்கு நேர்ச்சை?" அம்மாவின் குரல் மாறவே இல்லை.

"ஜாமீன் கெடச்சதுக்கு" என்றான் தரையைப் பார்த்து. சொன்ன பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் முதுகு அப்படியே விறைத்தது. தலையைத் தூக்கவில்லை.

அம்மாவின் வலது கை கத்தியோடு மேலே போனது. ஆனால் இடது கை, அன்று காலையிலிருந்து செய்த பழக்கத்தில், அதற்கு முன்பே கிடாவின் நெற்றியில் தண்ணீர் தொட்டு வைத்திருந்தது. வாயும் தானாகத் தொடங்கிவிட்டது.

"ஆண்டவரே, உசுரு உம்முது."

அங்கேயே நின்றாள். மாமா, "அக்கா" என்றார் மெதுவாக. அம்மா அவரைப் பார்க்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

"ஆண்டவரே. உசுரு உம்முது."

இந்த முறை நிமிர்ந்து மேலே பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, கதவைத் தட்டியவர்கள் காத்திருப்பது போலக் காத்திருந்தாள். அண்டாப் புகை முகத்தில் அடித்தும் கண்ணை மூடவில்லை. அவளுக்கு என்ன பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. கத்தி இறங்கி வந்து கிடாவின் கழுத்தில் படுக்கையாக உட்கார்ந்தது. "பசி எங்களுது" என்றாள். "எங்கள மன்னியும்" என்றாள். உங்களைப் புதைத்த அன்று வராத கண்ணீர் அப்போது வந்தது. துடைக்கவில்லை. கை முழுக்க ரத்தம்.

"அக்கா, என்னக்கா இது?" என்றார் மாமா.

"போடா. அண்டாவுல தண்ணி கொதிக்குது பாரு. அரிசியக் களையச் சொல்லு."

பிறகு அவன் பிடரியைப் பார்த்துப் பேசினாள்.

"நீ நன்றி சொல்ல வந்திருக்க. சரி. நானும் சொல்லிக்கிறேன். எம் பிள்ளைக்கு இன்னும் ஆத்தா இருக்கா."

"மதினி..."

"அப்படிக் கூப்பிடாத. கோர்ட்டுல எம் பொண்ணு வந்து சொல்லுவா, பாத்தத. ஒன்ன அங்க பாத்துக்கிறேன். இது இங்க வந்தவுகளுக்கான சோறு. ஆடு பயப்படுது, கால நல்லாப் பிடி."

அவன் கால்களை மாற்றிப் பிடிக்கப் போனான். பிடி விட்டது. கிடா துள்ளி அவன் நெஞ்சில் உதைத்தது. அவன் ரத்தச் சேற்றில் சரிந்து உட்கார்ந்தான். எழ முயன்று மறுபடியும் சரிந்தான். அம்மா ஒரு முழங்காலால் கிடாவை அழுத்திக்கொண்டு, கத்தியை ஒதுக்கிப் பிடித்துத் திணறினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை.

நான் குடத்தைக் கீழே வைத்தேன். போய் அவன் பக்கத்தில் முட்டி போட்டு, கிடாவின் பின்னங்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.