இரண்டு சட்டைகள், ஒரே பெயர்

எதையும் எழுத உட்காரும் முன் குறிப்பெடுத்துக்கொள்வது என் பழக்கம். நீங்கள் உயிரோடு இருந்தால் சிரிப்பீர்கள். இருந்தாலும் இதோ:

1. உங்கள் பிஸ்கட் டப்பா என்னிடம் வந்த விதம்.
2. மூன்று மாடிகளில் மூன்று விதக் கணினிகளை வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு.
3. வெள்ளைச் சட்டை விஷயத்தில் உங்களுக்கு நேர்ந்த கவனப்பிசகு.
4. இன்றும் என்னிடம் இருப்பவை.

நேற்று மாலை, இந்தத் தீவின் மேட்டு நகரமான கியூர்பிப்பின் வழக்கமான தூறலில் உங்கள் மகள் வந்தார். மழைக்கோட்டுக்குள் டப்பாவை அணைத்துப் பிடித்திருந்தார். "அம்மா சொல்லிட்டுப் போனாங்க. கம்ப்யூட்டர் ரூம் மிசியேகிட்ட இதைக் கொடுத்துடுன்னு." கம்ப்யூட்டர் ரூம் ஐயா, அதாவது நான். தேநீருக்குக்கூட நிற்கவில்லை. மூடியைத் திறந்ததும் ஈரமும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை வந்தது. உள்ளே பிளாப்பிகள், அந்தக் காலக் கணினி வட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் நீலப் பென்சிலில் உங்கள் சாய்வெழுத்து.

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. குடும்பப் பெயர் மட்டும்தான் தமிழ். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல், கோவிலில் நாலு தமிழ்ப் பாட்டு. நாம் பேசியதெல்லாம் கிரியோலில்தான். ஆனாலும் மனதில் உள்ளதை எழுதுவதென்றால் எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை, தைப்பூசத்துக்குக் காவடி விரதம், இரண்டையும் நீங்கள் விட்டதில்லை. எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு சிஸ்டம், மிசியே. ஒரே மெஷின்ல ஓடுது. உங்களால முடியலையே" என்றீர்கள்.

என்னால் முடியவில்லை என்பது உண்மைதான். தமிழ்நாட்டிலிருந்து என்னை அந்தச் சட்டை ஆலைக்கு வரவழைத்ததே கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கத்தான். நடுமாடியில், குளிரூட்டிய அறையில் என் யூனிக்ஸ் கணினி. மேல்மாடியில் வடிவமைப்புப் பிரிவில் உங்கள் மெக்கின்டோஷ். கீழே துணி வெட்டும் கூடத்தில் தூசு படிந்த டாஸ் கணினி. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் வாங்கியிருந்தார்கள். ஒன்று எழுதுவதை மற்றது படிக்காது. என் கணினியின் கோப்பைக் கீழே அச்சிட்டால், ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கி, தாள் முழுக்கச் சரிந்துகொண்டே போகும். அதைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, உங்க மெஷினும் படி இறங்கித்தான் வருது" என்றீர்கள்.

கம்பி இழுத்து இணைக்கும்வரை நீங்கள்தான் இணைப்பு. சட்டைகளின் அளவுத் தாள்களைப் பிளாப்பியில் ஏற்றி ஒரு நாளைக்குப் பலமுறை படியிறங்குவீர்கள். பல வருடம் தையல் வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கைத்திறமையால் மேல்மாடிக்கு வந்தவர் நீங்கள். அந்த ஜன்னலோர மேசையை ஒவ்வொரு காலையும் உங்கள் கைக்குட்டையால் துடைப்பீர்கள்.

குழப்பம் வராமலிருக்க நான் ஆறு விதிகள் தட்டச்சு செய்து கொடுத்தேன். டாஸ் கணினி எட்டு எழுத்துக்கு மேல் பெயரை ஏற்காது. ஆகவே முதல் எட்டு எழுத்தை மட்டும் வைக்க வேண்டும். அது மூன்றாம் விதி. அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பழையதை அழித்துப் புதியதை வைக்க வேண்டும். அது நான்காம் விதி. பழைய அளவில் துணி வெட்டிவிடக் கூடாதே என்ற பயம்.

அப்போது கடற்கரையில் புதிதாகத் திறக்கவிருந்த ஓட்டல் ஒன்று, பரிமாறுபவர்களுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை கேட்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போகவேண்டியவை அரைக்கை நீலச் சட்டைகள். கோப்புப் பெயர்கள் பிரெஞ்சில். அதில் சட்டைக்கு ஏழு எழுத்து. எட்டாவது, நிறத்தின் முதலெழுத்து; அது நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஒன்றே. வெள்ளையின் அளவுத் தாள் முதலில் கீழே போனது. மறுநாள் நீலத்தின் தாள் போய் அதன்மேல் உட்கார்ந்தது. வெள்ளைத் துணியை விரித்தவர்கள் அந்தப் பெயரில் இருந்த ஒரே தாளைத் திறந்தார்கள். துணி முழுவதும் அரைக்கையாக வெட்டுப்பட்டது.

மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். "யார் செய்தது?" நான் தரையைப் பார்த்தேன். சரிபார்த்துச் சொல்கிறேன் என்று முனகியதாக நினைவு. நீங்கள் என் பக்கம் ஒருமுறை திரும்பினீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நான்தான், மிசியே. பழசை எடுத்துடலாமான்னு மெஷின் கேட்டுச்சு. சரின்னு அழுத்திட்டேன்."

வெளியே வந்து படியில் இறங்கும்போது, "உங்க பெர்மி எப்போ முடியுது?" என்று கேட்டீர்கள். என் வேலை அனுமதியைத்தான். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். "கொரேக். பா த்ராகாஸே." சரி, கவலைப்படாதீங்க. பேச்சை மாற்ற ஏதோ கேட்கிறீர்கள் என்றுதான் அன்று நினைத்தேன்.

அந்த வாரமே உங்களைச் சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். என் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. ஒருநாள் தயங்கித் தயங்கி உங்களைப் பார்க்க வந்தேன். "இங்கே நிம்மதி, மிசியே. பேர் எவ்வளவு நீளமா இருந்தாலும் அட்டைப்பெட்டி ஒண்ணும் கேக்காது." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆலை மூடும்வரை நீங்கள் மேல்மாடிக்குத் திரும்பவில்லை. உங்களுக்காக மேனேஜரிடம் பேச வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். என்ன பேசுவது? தவறு நடந்தது நடந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவதாக, என்னிடம் இருப்பவை. எதையாவது அழிக்கும் முன் இரண்டு முறை பார்க்கும் பழக்கம். படியேறும்போது கேட்கும் உங்கள் செருப்புச் சத்தம். இப்போது இந்த டப்பா.

இவ்வளவு எழுதியபின், வெள்ளைச் சட்டையின் பெயரை நீங்கள் எப்படி எழுதியிருந்தீர்கள் என்று சரிபார்க்கப் பிளாப்பிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அடியில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. என் ஆறு விதிகள். நான்காவதன் ஓரத்தில் நீலப் பென்சிலில், கிரியோலில் உங்கள் கேள்வி: "அது பழசு இல்லாம வேற சட்டையா இருந்தா?" அதன்கீழே கறுப்பு மையில் என் கையெழுத்து: "விதிப்படி செய்க." என் சுருக்கொப்பமும் இருக்கிறது.

நீங்கள் இதைக் கேட்டதோ நான் பதில் எழுதியதோ எனக்குச் சுத்தமாக நினைவில்லை. கையெழுத்து என்னுடையது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. மேனேஜர் அறையில் நின்றபோது இந்தத் தாள் உங்களிடம் இருந்திருக்கிறது. அதைக் காட்டியிருந்தால் ஜன்னலோர மேசை உங்களுக்கு மிஞ்சியிருக்கும். நான் ஊருக்கு விமானம் ஏறியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் மகள் வெளியே வரும்போது, இந்தத் தாளுடன் வாசலில் நிற்பேன். கிரியோலில் சொல்ல வேண்டும். வாக்கியங்களை இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் அங்கே போய் மறுபடியும் தரையைப் பார்ப்பேன்.

பழையதை அழித்து அதன்மேல் புதியதை வைப்பதுதான் என் விதி. மேலே உள்ள பட்டியலில் மூன்றாவதை நான் அழிக்கவில்லை. எழுதியது எழுதியபடி இருக்கட்டும். ஆனால் அது தவறு. கவனப்பிசகு உங்களுடையது அல்ல, என்னுடையது.