துடைத்த வளையம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தையல்காரம்மாவின் கிளியைக் கொன்றது நீதான்.

இப்படித் தொடங்கக் கூடாது என்று தெரியும். நலம் விசாரித்து நாலு வரி எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நீ தலைமை அலுவலகத்துக்குப் போன பிறகும் பட்டறையில் அதே வேலைதான். கிளி வளர்ப்பவர்கள், அவை கடித்துச் சிதைத்த பொம்மைகளை அனுப்புகிறார்கள். நாங்கள் எட்டுப் பெண்கள் அவற்றைப் பிரித்து, புதுக்கி, திருப்பி அனுப்புகிறோம். திங்கட்கிழமை அந்த அம்மா நேரிலேயே வந்தார். போன மாதம் நாங்கள் புதுக்கிக் கொடுத்த ஊஞ்சல் ஒரு கையில், பறவை டாக்டரின் சீட்டு ஒரு கையில்.

"சண்ட போட வரலம்மா. பதினோரு வருஷம் எங்கூட இருந்துச்சு. எதனாலன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

சீட்டில் துத்தநாக நஞ்சு என்று இருந்தது. ஊஞ்சலை மாட்டிய வளையத்தின் மேல்பூச்சு. அதை நக்கி நக்கி, நான்கு நாள் தண்ணீராகக் குடித்து, கூண்டின் அடியில் செத்துக் கிடந்திருக்கிறது.

உன் கையெழுத்தில் எழுதிய அட்டை இன்னும் சுவரில் தொங்குகிறது. நைந்த கயிறு, ஆணி, நாக்கு ஆடும் மணி, பூச்சுப் போட்ட வளையம் எல்லாம் குப்பைத் தட்டுக்கு. மரமும் எவர்சில்வர் வளையமும் கொதிநீர்த் தட்டுக்கு. ஜனவரியில் எவர்சில்வர் வளையம் தீர்ந்தபோது உனக்குப் போன் செய்தேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"குப்பைத் தட்டுல கிடக்குறதையே எடுத்துப் போடு பாப்பா. வெள்ளையா பூத்திருந்தா துணியால தொடச்சிடு. கிளி என்ன கண்ணாடி மாட்டிக்கிட்டா பாக்கப் போகுது?" என்றாய்.

சிரித்தோம். பட்டறையில் கண்ணாடி போட்டவர் கண்ணாடியக்கா ஒருவர்தான். அவர்தான் அதிகம் சிரித்தார்.

அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊஞ்சலில் இருந்தது அவர் போட்ட முடிச்சு. 'பார்வை மங்கலால் வளையத்தை மாற்றிப் போட்டுவிட்டேன்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் அப்புறம் எந்தப் பட்டறையில் அவரைச் சேர்ப்பார்கள்?

சொன்னது நீ என்று முதலாளிக்கு எழுது.

தங்கை


மார்ச் 12

என் பாப்பாவுக்கு,

கொலை கிலை என்றெல்லாம் கடிதத்தில் எழுதலாமா? உன் அண்ணி படித்துவிட்டு ஒரு மாதிரி ஆகிவிட்டாள். அவளுக்கு இது ஏழாவது மாதம், தெரியுமல்லவா.

அந்தக் கிளிக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் வயதான பறவை. வீட்டில் வேறு எதைக் கடித்ததோ, யார் கண்டது? கண்ணாடியக்காவுக்கும் வயதாகிறது. ஊசியில் நூல் கோக்க உன்னைத்தானே கூப்பிடுவார்? அவரே தவறிப்போய் எடுத்திருக்கலாம். நான் போனில் ஆயிரம் பேரிடம் ஆயிரம் சொல்கிறேன். எதைச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

நீ இதில் தலையிடாதே. அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவன் நான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சின்னவளுக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று எழுது.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

கவுன் வந்தது. தோளில் இறுக்கம்.

நேற்று என்னை மேலாளர் அறைக்குள் கூப்பிட்டார்கள். அந்த வளையத்தைத் துடைத்து அக்கா கையில் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். வெள்ளைப் பொடி துணியில் ஒட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தெரிந்தேதான் துடைத்தேன். கொன்றது நீ என்று எழுதினேனே, அதில் பாதி நான்.

"யாரு தொடைக்கச் சொன்னது?" என்று மேலாளர் கேட்டார்.

"போன்ல சொன்னாங்க."

"யாரு?"

"எல்லாரும் கேட்டாங்களே, அவங்களையே கேளுங்க."

கேட்டார். எட்டுப் பேர் கேட்ட பேச்சு. என்னையும் அக்காவையும் விட்டால், மீதி ஆறு பேருக்கும் அன்றைக்குக் காது கேட்கவில்லையாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். நானும் உன் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"எழுத்துல இருக்கா? இல்லன்னா போம்மா, வேலையப் பாரு" என்றார்.

வந்து வேலை பார்த்தேன். கயிற்றை வெட்டினேன், கிளியின் கழுத்தில் சுற்றாத அளவுக்குக் குட்டையாக. வளையத்துக்குள் தலை போகுமா, கால் சிக்குமா என்று விரல் விட்டுப் பார்த்தேன். மாலைக்குள் பதினான்கு பொம்மை. எதுவும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை.

நீ மேலே போனது எங்கள் எட்டுப் பேரின் கைவேலையால். உன் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது, அண்ணா. கண்டித்து ஒரு காகிதம் கொடுப்பார்கள். அவர்கள் கேட்டதை எழுதிக் கொடுத்தால் அக்காவுக்கு வேலையே போகும்.

தங்கை


மார்ச் 25

பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணி சுகம். இங்கே வேலை நெருக்கடி. வெயிலில் அலையாதே, நிறையத் தண்ணீர் குடி. கவுனை மாற்ற முடியுமா என்று கடையில் கேட்டுச் சொல்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

போன வாரம் எழுதியதற்குப் பதில் இல்லை. அதற்கு முன் எழுதியதற்கும் இல்லை. போனை எடுப்பதையும் விட்டுவிட்டாய்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் காகிதம் மேசையில் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை. பதினைந்தாம் தேதிவரை பொறுப்பார்களாம். "உங்கண்ணன் புள்ளகுட்டிக்காரனாகப் போறான். அவன எதுக்கு இழுக்குற, விடும்மா" என்றார். காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

கவுன் வேண்டாம். அறிவுரை வேண்டாம். உனக்கு எழுத நேரமில்லை என்றால் நானே எழுதிவிட்டேன். கீழே இருக்கிறது. படித்துப் பார்த்து, பெயரை மட்டும் போட்டு, பதினைந்துக்குள் அனுப்பு.

தங்கை

'எவர்சில்வர் வளையம் தீர்ந்தபோது, கழித்துப்போட்ட வளையங்களைத் துடைத்துப் பொம்மைகளில் மாட்டும்படி பட்டறைக்குப் போனில் சொன்னது நான்தான். இதில் ஊஞ்சலைக் கட்டிய தொழிலாளியின் தவறு எதுவும் இல்லை.'

கையெழுத்து: