இரண்டு பெல்ட் மாட்டிய நீல வண்டி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் நலமா? போனில் பேசினால் நான் கத்திவிடுகிறேன், நீயும் "கஸ்டமர் நிக்கறாங்க, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததே இல்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது பார்!

அக்டோபரில் உன் கார் ஷோரூமில் முன்பணம் கட்டியபோது டிசம்பரில் வண்டி என்றாய். டிசம்பர் போய்விட்டது, வண்டியைக் காணோம். ஆஸ்பத்திரியில் நேற்றும் கேட்டார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பிசியோதெரபி செய்கிற வேலை. மார்ச் முதல் தேதி சொந்த வண்டியோடு போய் நின்றால் எனக்கு, இல்லாவிட்டால் வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவளுக்கு. இத்தனை வருஷம் அடுத்தவர் கிளினிக்கில் கால் கடுக்க நின்றாயிற்று. இப்போதெல்லாம் மாலையில் ஓரிரு நோயாளிகள் வீட்டுக்குப் போக, சிகிச்சைக்கான மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர், "அதுக்கும் ஒரு சீட்டு வாங்குங்கம்மா" என்கிறார்.

டெலிவரி பிரிவே உன் அண்ணன் கையில் இருக்கும்போது உனக்கென்ன கவலை என்கிறார் உன் மாப்பிள்ளை. எனக்கும் அந்த நினைப்புத்தான்.

இப்படிக்கு,
உன் வாயாடி

ஜனவரி 15

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணி சிரியோ சிரி என்று சிரித்தாள். நீ நேரில் வந்து திட்டுவது போலவே இருக்கிறதாம்.

நீ கேட்ட நீலம் தொழிற்சாலையிலிருந்தே தாமதம். இங்கே என் பாடு உனக்குத் தெரியாது. வருகிற ஒவ்வொருவரும் கழுத்தில் கத்தி வைக்காத குறை. வண்டியைக் கொடுத்த பிறகும் விடமாட்டார்கள். தலைமை அலுவலகத்துப் பெண் வாங்கியவர்களைப் போனில் அழைத்து, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பாள். ஒன்பது என்று யாராவது சொல்லிவிட்டால் என் சம்பளத்தில் கை வைத்துவிடுவார்கள்.

உன் கட்டிலை அளந்து வைத்திருக்கிறேன். பின்சீட்டை மடக்கினால் சரியாகப் படுக்கும். பிரேக் போடும்போது நகராமலிருக்க டிக்கியில் இரண்டு பெல்ட் மாட்டச் சொல்லியிருக்கிறேன். வேறு யார் வண்டியிலும் அது இருக்காது. என்னை நம்பு.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் ஷோரூமிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். "மேடம், வெள்ளைன்னா நாளைக்கே எடுத்துக்கலாம். சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் சேத்துதான் வரும், தனியா கிடைக்காது" என்றான். மியூசிக் சிஸ்டத்தை வைத்துக்கொண்டு நான் யாருக்குக் கச்சேரி நடத்துவது? நான் வேண்டாம் என்றதும், "அப்ப எப்ப வரும்னு சொல்ல முடியாது மேடம்" என்று முகத்திலடித்த மாதிரி வைத்துவிட்டான். நான் உன் தங்கை என்பது அங்கே யாருக்குமே தெரியாதா?

யோசித்துப் பார்த்தேன். வெள்ளையே போதும். அந்தக் கச்சேரியோடு சேர்த்தே கொடு. எனக்கு மார்ச் முதல் தேதிதான் முக்கியம். கிளினிக்கில் ராஜினாமா கொடுத்துவிட்டேன், அண்ணா.

உன் வாயாடி

பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். வெள்ளை வேண்டாம். உன் நீல வண்டி லாரியில் ஏறிவிட்டது. பெல்ட் இரண்டும் என் மேஜை மேலேயே இருக்கின்றன. அடுத்த வாரம் சாவி உன் கையில். நிம்மதியாகத் தூங்கு.

அண்ணன்

பிப்ரவரி 19

அண்ணாவுக்கு,

நேற்று உன்னிடம் சொல்லாமல் ஷோரூமுக்கு வந்தேன்.

வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே நீல வண்டி, மேலே ரிப்பன். எனக்கே தெரியாமல் தயார் செய்து ஆச்சரியப்படுத்தப் போகிறாய் என்று நினைத்தேன். நடுத்தெருவில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். வெட்கக்கேடு!

அப்புறம் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். நீ சிரித்துக்கொண்டே அவர் கையில் சாவியைக் கொடுத்தாய். போட்டோ எடுத்தார்கள். அவர் மனைவி டிக்கியைத் திறந்து என்னவோ கேட்டாள். நீ குனிந்து இரண்டு பெல்ட்டையும் கழற்றிச் சுருட்டி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாய்.

உள்ளே வந்து நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வீட்டில்தான் நான் வாயாடி. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஏன்?

பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

அந்த மனிதர் தினமும் வந்து கத்தினார். அவர் வண்டி வர இன்னும் ஒரு மாதம் ஆகும். எல்லோர் முன்னாலும் என்னை 'டா' போட்டுப் பேசினார். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு, "யாரோட வண்டியையாவது கொடுத்து ஆளை அனுப்பு. இல்லேன்னா நாளையிலேருந்து நீ வராதே" என்றார். வந்திருந்த வண்டிகளுக்கு உரியவர்கள் யார் யார் என்று பார்த்தேன். மற்ற யாருடைய வண்டியைக் கொடுத்தாலும், அவர்கள் மறுநாள் வந்து கத்துவார்கள். போனில் கத்தினாலும் நீ மட்டும்தான் இங்கே வந்து கத்தமாட்டாய். நம்ம வீட்டுப் பெண்தானே, சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரிலும் உனக்கு ஒரு வண்டி வந்தது. அதையும் இப்படித்தான் கொடுத்தேன்.

பெல்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மார்ச் கடைசிக்குள் உனக்கு நிச்சயம். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் பேசிப் பார்க்கக் கூடாதா?

அண்ணன்

பிப்ரவரி 23

டெலிவரி பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: முன்பதிவு செய்த வண்டியைப் பிறருக்குக் கொடுத்தது தொடர்பாக.

அக்டோபரில் நான் முன்பணம் கட்டிய வண்டி, எனக்குத் தெரியாமல் இரண்டு முறை வேறு நபர்களுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. இதைத் தாங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் உள்ளது. இம்மாதக் கடைசி நாளுக்குள் வண்டி வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நகல்: ஷோரூம் மேலாளர், தலைமை அலுவலகம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பிப்ரவரி 26

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்ட நீல நிற வண்டி தயாராக உள்ளது. நாளை மறுநாள் காலை வந்து பெற்றுக்கொள்ளலாம். தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு வருந்துகிறோம்.

டெலிவரி பிரிவு

மேலே இருப்பது மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதியது. இது நான் எழுதுவது. உன் கடிதத்தைப் படித்ததும் அவர் வேறு கிளைக்குப் போன் போட்டார். அங்கே ஒரு நீல வண்டி சும்மா நின்றுகொண்டிருந்ததாம். இத்தனை நாளில் அங்கே யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

என் வேலைக்கு ஆபத்தில்லை, எச்சரித்து விட்டுவிட்டார்கள். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். நீ வரும்போது நான் இருக்கட்டுமா, லீவு போடட்டுமா?

மார்ச் 6

அண்ணா,

நீ லீவு போடவில்லை. "வாங்க மேடம்" என்றாய், நான் "தேங்க்ஸ் சார்" என்றேன். போட்டோவில் இரண்டு பேரும் சிரிக்கிறோம். பார்த்தால் அண்ணன் தங்கை என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் தேதியே வேலையில் சேர்ந்துவிட்டேன். எத்தனை பிரேக் போட்டாலும் கட்டில் அசைவதில்லை. பெல்ட் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. அதை மாட்டியது நீதான் என்று ஒவ்வொரு முறை டிக்கியைத் திறக்கும்போதும் நினைவு வருகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்புள்ள அண்ணாவுக்கு என்று எழுதியபோதெல்லாம் பொறு பொறு என்றாய். மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதியதும் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. இனி உன்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் எப்படித் தொடங்கி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எதுவும் கேட்கப் போவதில்லை. நீயும் கொஞ்ச நாள் எழுதாதே. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

நேற்று உங்கள் தலைமை அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள். "எங்க சேவை எப்படி இருந்துச்சு மேடம்? டெலிவரி கொடுத்தவருக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?" என்றாள். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். மறுபடியும் கேட்டாள்.

பத்து என்றேன். நான் உனக்கு விட்டுக்கொடுத்ததில் அது கடைசி.

தங்கை