சீம்பால் தூக்கு

படாளம்
9.6.2025

அன்புள்ள ஜாய்ஸ்,

நலமா என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. போனை எடுப்பதில்லை என்று கோபமாக இருப்பாய். எடுத்தால் இரண்டாவது வார்த்தையில் அழுகை வருகிறது, அப்புறம் நீயும் அழுகிறாய். காலேஜ் லீவில் எழுதிக்கொண்டோமே, அதுபோல எழுதலாம் என்று தோன்றியது.

கன்னியம்மா போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நாலு வயதுப் பிள்ளைக்கு இத்தனை துணி இருந்ததா என்று இப்போதுதான் தெரிகிறது. மடித்து வைத்துவிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டில்மேலேயே இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மலத்தில் இருந்த கிருமியின் நஞ்சுதான் கிட்னியைக் கெடுத்தது, மாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து இவர் செவலையைப் பார்க்கும் பார்வையே வேறு. என்னையும் அப்படித்தான் பார்க்கிறார். அது என் அம்மா வீட்டிலிருந்து நான் ஓட்டி வந்த மாடு.

மனுஷர் வயிற்றைக் கெடுக்கும் கிருமியையும் ஆடு மாடு கோழியின் குடலில் இருக்கும் கிருமியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே உன் வேலை. ஏப்ரலில் அந்தச் சனிக்கிழமை நீ வந்தபோது எங்கள் கொட்டகையிலும் சாணம் எடுத்துப் போனாய். பாப்பாவின் மலமும் உங்கள் லேபுக்குத்தான் வந்தது என்றாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எனக்குச் சொல். என் மாடுதான் என்றால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்று நீ சீம்பால் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு இங்கேயே இருக்கிறது. வெறுமனே திருப்பித் தரக் கூடாதே. செவலை சினையாக இருக்கிறாள், கார்த்திகையை ஒட்டிக் கன்று போடுவாள். எங்கள் சீம்பாலை நிரப்பித் தருகிறேன். அந்தச் சனிக்கிழமைதான் பாப்பா கடைசியாக நன்றாக ஆடி ஓடியது.

உன்
காயு


ஊரப்பாக்கம்
17.6.2025

அன்பு காயு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும்போது ரயிலில் பிரித்தேன். பரனூர் தாண்டியதும் படிக்க முடியவில்லை. செங்கல்பட்டில் இறங்கி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மீதியைப் படித்தேன்.

உன் கேள்விக்கு இன்றைக்கே பதில் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்தக் கிருமி மாட்டின் குடலில் சும்மா இருக்கும், மாட்டை ஒன்றும் செய்யாது. மாடு நன்றாகத் தின்னும், நன்றாகக் கறக்கும். அதனால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒவ்வொரு கிருமியின் மரபணுவையும் எழுத்து எழுத்தாகப் படித்து, குழந்தைகளிடம் எடுத்ததையும் கால்நடைகளிடம் எடுத்ததையும் ஒத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் எடுக்கும் மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். சென்னைக்கு அனுப்பி இரண்டு மாதமாவது ஆகும்.

தனி வீடுகளுக்கு முடிவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் உனக்குச் சொல்வேன். எது வந்தாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன், இது சத்தியம்.

அதுவரை செவலையை யாருக்கும் கொடுத்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

என்றும் உன்
ஜாய்ஸ்


படாளம்
20.7.2025

அன்புள்ள ஜாய்ஸ்,

இரண்டு மாதம் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். இங்கே ஒரு நாள் ஓட்டுவது எப்படி என்று உனக்குத் தெரியாது.

இவர் என் கையால் சாப்பிடுவதில்லை. வேன் ஓட்டிவிட்டு மதுராந்தகத்தில் மெஸ்ஸில் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. போன வாரம் நானே ஏன் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எந்நேரமும் அந்த மாட்டாண்டதான் கெடந்துச்சு பாப்பா. கன்னுகுட்டி மாறி அதுங்கூடவே சுத்திகினு. எத்தினி தபா சொன்னேன் உன்னாண்ட. அதே கையாலதான நீ அதுக்கு சோறு ஊட்டுன."

அதே கைதான். சாணம் அள்ளிய கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். எல்லா நாளும் கழுவினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமில்லை. ஒரு நாள் விட்டிருப்பேனோ.

வெள்ளிக்கிழமை மாட்டு வியாபாரியை அழைத்து வந்தார். நான் கயிற்றை விடவில்லை. லேபிலிருந்து பதில் வரட்டும், செவலைதான் என்றால் நானே அவிழ்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் நானும் இந்த வீட்டில் இருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

சீக்கிரம் எழுது.

காயு


ஊரப்பாக்கம்
24.8.2025

அன்பு காயு,

முடிவு வந்துவிட்டது. உன் மாடு இல்லை.

செவலையிடம் எடுத்த கிருமிகளில் நஞ்சு சுரக்கும் வகையே இல்லை. பாப்பாவிடம் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உன் கொட்டகை இல்லை, உன் கை இல்லை. அவரிடம் இதைப் படித்துக் காட்டு.

உடம்பு கொஞ்சம் சரியில்லை. பிறகு எழுதுகிறேன்.

ஜாய்ஸ்


படாளம்
2.9.2025

என் ஜாய்ஸுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. உடம்புக்கு என்ன? சுக்குக் கஷாயம் வைத்துக் குடி, ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டு உடம்பைப் பார்க்காத ஆள் நீ.

ஆனால் இவர் நம்பவில்லை. "உன் சிநேகிதி உனுக்கோசரம் எழுதிகீறா. மாடு இல்லன்னா வேற எங்கேருந்து வந்துச்சாம்? அத்த சொல்லச் சொல்லு பாக்கலாம்" என்றார். வெறுப்பாகச் சொல்லவில்லை, ஜாய்ஸ். அவருக்கும் எங்காவது ஒரு இடத்தில் கொண்டுபோய் அதை இறக்கி வைக்க வேண்டும் போலிருக்கிறது. இப்போதைக்கு அந்த இடம் நான்.

எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுது. நீ மறைக்க மாட்டாய்.

உன்
காயு


ஊரப்பாக்கம்
19.10.2025

காயு,

ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆகஸ்டிலேயே தெரியும். அன்று உனக்குப் பாதியை மட்டும் எழுதினேன்.

பாப்பாவின் கிருமியும் நெம்மேலியில் சம்பூர்ணம் அக்கா கொட்டகையில் ஒரு மாட்டிடம் எடுத்த கிருமியும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து. நெம்மேலி எங்கே, படாளம் எங்கே. எங்கள் துரை டாக்டர் வரைபடத்தில் இரண்டு ஊரையும் வட்டமிட்டு, நடுவில் மாட்டு வியாபாரியா, தீவனமா, தண்ணீரா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் இருந்தது நான், காயு.

அந்தச் சனிக்கிழமை காலையில் நெம்மேலியில் சாணம் எடுத்தேன். சம்பூர்ணம் அக்காவின் இன்னொரு மாடு கன்று போட்டிருந்தது. "ஊருக்குப் போறியே, கொழந்த கீற வூடு, எட்த்துனு போ" என்று தூக்கு நிறையச் சீம்பால் கொடுத்தார்கள். பங்குனி வெயில். படாளம் வருவதற்குள் திரிந்துவிடும். மாதிரிகள் வைக்கும் ஐஸ் பெட்டியில் ஓரமாக இடம் இருந்தது. உள்ளே வைத்தேன்.

அந்தப் பெட்டியின் மூடியில் 'உணவுப் பொருள் வைக்கக் கூடாது' என்று எழுதியிருக்கும். என் கையெழுத்து. புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தரும் பாடமும் அதுதான்.

உன் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பாப்பா தூக்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். வெளியெல்லாம் ஐஸ் தண்ணீர். கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஜில்லுன்னு கீது அத்தை" என்றாள். பிறகு அந்தத் தண்ணீரை நக்கினாள். நீ "சீ, விடுடி" என்றாய். நான் சிரித்தேன். நக்கிட்டுப் போறா விடு என்று நான்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை லேபில் பிரித்தபோது நெம்மேலி டப்பா ஒன்றில் பாதிதான் இருந்தது, மூடி சரியாகத் திருகவில்லை. பதிவேட்டில் 'கசிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும், உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் தோன்றவில்லை. அந்த எழுத்துகள் ஒத்துப்போனதைப் பார்த்த அன்றுதான் பதிவேட்டைப் புரட்டினேன்.

சீம்பாலை நீ நன்றாகத்தான் அவித்தாய். அதைச் சாப்பிட்ட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ செய்த எதிலும் தவறில்லை.

துரை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இனி மாதிரி எடுக்க என்னை அனுப்ப மாட்டார்கள். வேலை இருக்குமா என்று தெரியாது, அது பெரிதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் கேட்ட இடம் இதுதான். கடிதத்தை அவரிடம் கொடு.

ஜாய்ஸ்


படாளம்
16.11.2025

ஜாய்ஸ்,

உன் கடிதத்தை நான்கு நாள் அரிசி டின்னில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் இவரிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "யாரு, நம்ம ஜாய்ஸா?" என்று ஒரே ஒரு கேள்விதான். பிறகு கொட்டகைக்குப் போய் செவலை பக்கத்தில் வெகுநேரம் நின்றிருந்தார். திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, "சோறு கீதா?" என்று கேட்டார்.

போட்டேன். ரசம்தான் இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இத்தனை மாதம் கழித்து.

பாதியோடு நீ நிறுத்தியிருக்கலாம் என்று சில சமயம் நினைக்கிறேன். நிறுத்தியிருந்தால் எனக்கு நீ இருந்திருப்பாய், இவர் இருந்திருக்க மாட்டார். நீ சத்தியம் செய்தபடி நடந்துகொண்டாய். அதற்காக உன்னை வெறுக்க முடியவில்லை. அந்த நாளை நினைக்கும்போது நீ சிரித்தது மட்டும்தான் காதில் கேட்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் அது நிற்காது.

செவலை செவ்வாய்க்கிழமை கன்று போட்டாள். கிடாரி. நெற்றியில் வெள்ளை. அக்கம்பக்கத்தில் சீம்பால் கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு சொட்டுக்கூடக் கறக்கவில்லை. முழுக்கக் கன்றே குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தூக்கைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் இரண்டு நாள் காய வைத்தேன். நாளை செங்கல்பட்டுக்கு லோடு ஏற்றிப் போகும்போது இவர் உங்கள் ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் கொடுப்பார். சம்பூர்ணம் அக்காவிடம் சேர்த்துவிடு. அவர்களிடம் எதுவும் சொல்லாதே, அவர்கள் ஆசையாகக் கொடுத்தது.

காலியாகத்தான் அனுப்புகிறேன். ஒரு பிடி அரிசியாவது போடலாம் என்று இரண்டு முறை மூடியைத் திறந்தேன். முடியவில்லை.

நீ வராதே.

காயத்ரி